புறக்கோட்டைக் களஞ்சியம் கலைக்கூடமாகிறது: முற்றத்துக்குக் கண்ணாடிக் கூரை போடலாமா?

முற்றவெளி எழுதியது:

கொழும்பு, புறக்கோட்டையின் குறுக்குத்தெரு ஒன்றில் உள்ள பழைய களஞ்சியத்தைப் பொதுக் கலைக்கூடமாக மாற்றும் திட்டம் பற்றிய கேள்வி. சுவர் கபொக் கல் (செம்பூரான் கல்), 500 மி.மீ. தடிப்பு. பிற்காலத்தில் உள்ளும் புறமும் சீமெந்துப் பூச்சு பூசி எமல்ஷன் அடித்திருக்கிறார்கள். கீழ்மாடி உயரம் 4.5 மீ. மேல்மாடி மரத்தளம். நடுவில் 12×9 மீ. திறந்த முற்றம்.

தேவைகள்: 120 பேருக்கான சிறு அரங்கு, வாசிகசாலை, ரிக்கெட் இல்லாமல் எவரும் வந்து உட்காரக்கூடிய முற்றம். வரைபடத்தில் முற்றம் முழுவதும் கண்ணாடிக் கூரையால் மூடப்பட்டு ஏசி போடப்படுகிறது, அரங்கு மேல்மாடியில். "பழமையும் புதுமையும் கைகோர்க்கும்" என்று விளக்கக் குறிப்பு சொல்கிறது. சுவர் தாங்குமா, தளம் தாங்குமா, கண்ணாடி சரிவருமா? அனுபவமுள்ளவர்கள் எண்களோடு சொல்லுங்கள்.

---

சுதை எழுதியது:

கண்ணாடிக் கூரை வேண்டாம். அழகு பிடிக்காமல் சொல்லவில்லை. அந்தக் கட்டடத்துக்கு மூச்சு விடும் வழி முற்றம்தான்.

கபொக் கல் நிலத்து ஈரத்தை உறிஞ்சும். கொழும்பில் இப்படிப்பட்ட சுவர்களில் ஈரம் தரையிலிருந்து ஒரு மீற்றர், ஒன்றரை மீற்றர் வரை ஏறுவது வழமை. சுண்ணாம்புப் பூச்சு இருந்த காலத்தில் அந்த ஈரம் பூச்சின் வழியே காற்றுக்குப் போனது. சீமெந்தும் எமல்ஷனும் வந்த பிறகு ஈரம் வெளியேற இடமில்லை, இன்னும் மேலே ஏறுகிறது. ஈரத்தோடு வரும் உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி, பூச்சைக் கல்லின் மேற்பரப்போடு சேர்த்தே பெயர்க்கிறது. "பெயின்ட் உரிகிறது" என்று திரும்பத் திரும்ப அடிக்கும் இடங்களில் நடப்பது இதுதான். இப்போது முற்றத்தையும் மூடினால், உட்பக்கச் சுவர்களுக்குக் கிடைத்த காற்றோட்டமும் நின்றுவிடும்.

அடுத்தது ஏசி. கொழும்புக் காற்று 30 பாகை, ஈரப்பதன் 75 சதவீதம் என்றால் பனிநிலை, அதாவது காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, ஏறத்தாழ 25 பாகை. உள்ளே 22 பாகைக்குக் குளிரூட்டினால், கதவிடுக்கால் நுழையும் வெளிக்காற்று குளிர்ந்த சுவரைத் தொட்ட இடத்தில் நீராகும். முதல் மழைக்காலத்திலேயே மூலைகளிலும் அலுமாரிக்குப் பின்னாலும் பூஞ்சணம் கறுக்கும்.

சரியான வழி சலிப்பான வழிதான். சீமெந்துப் பூச்சை உளியாலும் சிறு சுத்தியலாலும் கையால் எடுக்க வேண்டும். கிரைண்டரோ பிரேக்கரோ போட்டால் கபொக் கல்லின் மேலோடு சேர்ந்து போய்விடும். உள்ளே இருப்பது வெறும் மண் போன்ற மென்பகுதி. பிறகு சுவரைத் திறந்தபடி விட வேண்டும். இப்படிப்பட்ட கட்டுவேலை மாதத்துக்கு ஏறத்தாழ 25 மி.மீ. வீதம் உலரும் என்று கணக்கு வைப்போம். 500 மி.மீ. சுவர் இரு முகமும் திறந்திருந்தால் பத்து மாதம். அந்தப் பத்து மாதத்தைக் கால அட்டவணையில் போடாத திட்டம், திறப்பு விழாவுக்கு முதல் வாரம் ஈரச்சுவரில் பெயின்ட் அடிக்கும் திட்டம்.

ஈரத்தை அளக்க முள் குத்தும் கைக்கருவியை நம்ப வேண்டாம். உப்புள்ள சுவரில் அது எப்போதும் கூட்டியே காட்டும். துளையிட்டுத் தூளெடுத்து, நிறுத்து, ஓவனில் உலர்த்தி, மறுபடி நிறுத்துப் பாருங்கள். தரையிலிருந்து 300, 900, 1500 மி.மீ. உயரங்களில், ஒவ்வொன்றிலும் வெவ்வேறு ஆழத்தில் எடுத்தால் ஈரம் நிலத்திலிருந்து வருகிறதா கூரையிலிருந்து வருகிறதா என்பது தெரிந்துவிடும்.

---

அரங்கொளி எழுதியது:

சுதை அண்ணா சொல்வது சுவருக்குச் சரி. ஆனால் ஏப்ரல், மே, பிறகு ஒக்டோபர், நவம்பர் மழையில் திறந்த முற்றம் என்ன செய்யும்? நிகழ்ச்சி தொடங்கி அரை மணித்தியாலத்தில் மழை கொட்டினால் ஒலிபெருக்கி, விளக்கு, மிருதங்கம் எல்லாம் நனையும். ஆண்டில் பாதி மாலைகள் பயன்படாத முற்றத்தைப் பொது இடம் என்று எப்படிச் சொல்வது? ஏதாவது ஒரு மூடி வேண்டும்.

---

மழைக்கணக்கு எழுதியது:

அரங்கொளி கேட்பது நியாயம். மூடி வேண்டும், ஆனால் அது பழைய கட்டடத்தில் சாயக்கூடாது, முற்றத்தை அடைக்கவும் கூடாது.

முதலில் கண்ணாடியின் வெப்பத்தைப் பார்ப்போம். கொழும்பில் ஏப்ரல் முதல் வாரத்திலும் செப்டெம்பர் முதல் வாரத்திலும் நண்பகல் வெயில் நேர் உச்சியில். 108 ச.மீ. கண்ணாடி, ச.மீ. ஒன்றுக்கு 850 வாற் வெயில், அதில் பாதியை மட்டும் உள்ளே விடும் நல்ல கண்ணாடி என்றே வைத்தாலும் 46 கிலோவாற் உள்ளே இறங்கும். அதை வெளியேற்ற மட்டும் 13 டன் ஏசி, அதாவது வீட்டுக்குப் போடும் 12,000 பி.டி.யு. ஏசி 13. ஆட்களின் வெப்பம், விளக்கு எல்லாம் அதற்கு மேல். கலைக்கூடத்தின் மின்சாரப் பட்டியலை யார் கட்டுவது?

மாற்று: முற்றத்துக்குள் தன் காலில் நிற்கும் நான்கு தூண் உருக்குச் சட்டகம். அதன் கூரை பழைய தாழ்வாரத்துக்கு மேலே 700 முதல் 900 மி.மீ. உயரத்தில், ஓரங்கள் தாழ்வாரத்தின் மேல் 300 மி.மீ. தள்ளி நிற்கட்டும். மழை உள்ளே விழாது, சூடான காற்று இடைவெளியால் வெளியேறும், வெளிச்சமும் பக்கவாட்டில் வரும். பழைய சுவரில் ஓர் ஆணிகூட இறங்காது. நாளை வேண்டாம் என்றால் கழற்றலாம்.

சிக்கல் காற்று. 100 ச.மீ. கூரையில் ச.மீ. ஒன்றுக்கு 1 கிலோநியூட்டன் (ஏறத்தாழ 100 கிலோ எடை) மேல்நோக்கிய இழுப்பு என்று எடுத்தால் ஒரு தூணுக்கு 25. பாதுகாப்புக் காரணியோடு 35 கிலோநியூட்டன் எடை அடியில் வேண்டும். அதற்கு ஆழமாகத் தோண்டினால் பழைய வடிகாலோ கிணறோ அத்திவாரமோ அகப்படலாம். தொல்லியல் அகழ்வு இல்லாமல் தோண்டவே கூடாது. எடையை நிலத்துக்கு மேலே வையுங்கள்: 5.5 மீ. நீளம், 600 மி.மீ. அகலம், 450 மி.மீ. உயரமுள்ள கொங்கிறீற் திண்ணை ஒன்று 1.5 கன மீற்றர், 36 கிலோநியூட்டன். தூணுக்கொரு திண்ணை. சனம் உட்காரும் இருக்கையே கூரையைப் பிடித்து வைக்கும் பாரம். அடியில் மணற்படுக்கையும் பிரிப்புத் தாளும் போட்டால் பழைய தரைக்கல் பழுதாகாது.

உருக்கு பற்றி ஒரு வார்த்தை. கோட்டை, புறக்கோட்டைக் கடற்காற்றில் 304 தரத் துருப்பிடியா உருக்கு தேநீர்க் கறைபோல் பழுப்பேறிப் பிறகு குழி விழும். போல்ற், கம்பிவடம், இணைப்புத் தகடு எல்லாம் 316 தரமாக இருக்கட்டும். தூண்கள் சூட்டுத் துத்தநாகப் பூச்சு, வேலைத்தளத்தில் வெல்டிங் கூடவே கூடாது. வெல்ட் செய்த இடத்தில்தான் துரு தொடங்கும்.

இனி வடிகால். முற்றத்துக்குச் சாயும் கூரைகளையும் சேர்த்தால் நீர் விழும் பரப்பு ஏறத்தாழ 300 ச.மீ. இருக்கும். சில நிமிடப் பெருமழைக்கு மணிக்கு 150 மி.மீ. என்று வைத்தால் விநாடிக்கு 12.5 லீற்றர். வழமையாகப் போடும் 110 மி.மீ. குழாய் ஒன்று இதை எடுக்காது. 160 மி.மீ. குழாய் 1:100 சரிவில் எடுக்கும், ஆனாலும் இரண்டு போடுங்கள். ஒன்றை இலை அடைத்தால் மற்றது வேலை செய்ய வேண்டும். மறைவான பீலி வேண்டாம். நிரம்பினால் வெளியே கொட்டும் மிகைவாய் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருந்தால்தான் அடைப்பு உடனே தெரியவரும்.

---

முற்றவெளி எழுதியது:

திண்ணையைப் பாரமாக்குவது மிக நல்ல யோசனை. அப்படியானால் அரங்கு? மேல்மாடிதான் விசாலமாக இருக்கிறது. கீழே கிழக்குப் பக்கம் 14×8.5 மீ. அறை, நடுவில் மூன்று மரத்தூண். தூண் மறைக்கும் என்றுதான் மேலே கொண்டுபோனார்கள். மரத்தளத்தைத் தாங்கும் துலாக்கள் 100×200 மி.மீ., 450 மி.மீ. இடைவெளி, நடு உத்தரம் வரை 4.25 மீ.

---

நிலைக்கதவு எழுதியது:

மேலே அரங்கு வைக்க முடியாது. கணக்கு இதோ.

அசையும் இருக்கையுள்ள கூட்ட மண்டபத்துக்கு ச.மீ. ஒன்றுக்கு 5 கிலோநியூட்டன் பாரம் எடுப்பது பிரித்தானியத் தர வழமை. நம் பொறியியலாளர்களும் அதையே பின்பற்றி வந்திருக்கிறார்கள். தளத்தின் சொந்த எடை 0.5 சேர்த்தால் நீங்கள் சொன்ன துலாவில் வளைவு ஏறத்தாழ 16 மி.மீ. அனுமதிக்கத்தக்கது நீளத்தின் 0.003, அதாவது 13 மி.மீ. மரம் உடையாது, ஆனால் தளம் ஆடும்; பரதநாட்டிய அடவுக்கு அந்த ஆட்டம் இன்னும் கூடும். கீழே பூச்சு வெடிக்கும்.

வாசிகசாலை மேலே போகட்டும், புத்தக அலுமாரி கீழே. புத்தகம் வைக்காத வாசிப்பறைக்கு 2.5 போதும், வளைவு 9 மி.மீ.க்குள் அடங்கும். புத்தகக் களஞ்சியத்துக்கோ அலுமாரி உயரத்தின் ஒவ்வொரு மீற்றருக்கும் 2.4 கிலோநியூட்டன் எடுக்க வேண்டும். இரண்டு மீற்றர் அலுமாரிகளை நெருக்கி வைத்தால் 4.8, ஏறத்தாழ அரங்கின் பாரமே வந்துவிடும். பழைய கட்டடத்தின் மேல்மாடியில் "நூலகம்தானே" என்று வைத்துத் தளம் தொங்குவது இப்படித்தான்.

இந்தக் கணக்கெல்லாம் துலா நலமாக இருந்தால். துலாவின் நடுப்பகுதி பார்வைக்கு நன்றாயிருக்கும். சுவருக்குள் புதைந்த முனைதான் உக்கும். ஒவ்வொரு முனையையும் சுத்தியலால் தட்டுங்கள், மந்தமான ஒலி வந்தால் மெல்லிய துளையிட்டுப் பாருங்கள். மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்கு மேலே நின்றால் பூஞ்சைக்கு வழி. உக்கிய முனையை வெட்டி, நடுவில் 316 தகடு நுழைத்துப் போல்ற் போட்டுப் புது மரம் ஒட்டலாம். துலா முழுவதையும் மாற்றத் தேவையில்லை. புது முனையைச் சுவருக்குள் வைக்கும்போது பக்கங்களிலும் பின்னாலும் 25 மி.மீ. காற்றிடைவெளி விட வேண்டும். சாந்தால் அடைத்துப் பூசிவிடுவதுதான் மேசன்மாரின் பழக்கம். அருகில் நின்று தடுங்கள்.

---

நாதம் எழுதியது:

மூன்று தூணைத் தடையாகப் பார்க்கிறீர்கள். மேடையை 8.5 மீ. பக்கத்தில் வைத்தால்தான் அவை மறைக்கும். 14 மீ. நீளச் சுவரோடு மேடை வைத்து மூன்று பக்கமும் ஆட்களை இருத்துங்கள். நம் கூத்துக்கே அதுதான் இயல்பு. பார்வையாளர் ஒரு பக்கம் மட்டும் இருப்பது பிறகு வந்த பழக்கம்.

ஒலி: அறையின் கனவளவு 535 கன மீற்றர். பேச்சும் கர்நாடக இசையும் சேர்ந்து நடக்க எதிரொலிப்பு நேரம் (எழுந்த ஒலி அடங்க எடுக்கும் நேரம்) 0.9 விநாடி அளவில் இருக்கட்டும். அதற்கு 96 ச.மீ. உறிஞ்சல் வேண்டும். 120 பேர் நிறைந்தால் 54, வெறும் சுவரும் தரையும் மரத்தட்டும் 20. மீதி 22ஐத் தடித்த கைத்தறித் துணியால் கொடுக்கலாம். துணியைச் சுவரில் ஒட்டக்கூடாது. தனிச் சட்டகத்தில் சுவரிலிருந்து 100 மி.மீ. தள்ளித் தொங்கவிடுங்கள்: தாழ்ந்த சுரங்களையும் பிடிக்கும், பின்னால் சுவரும் உலரும். ஆட்கள் குறைந்த நாளுக்கு இன்னும் இரண்டு திரை கையிருப்பில் இருக்கட்டும்.

நாதஸ்வரம், தவில் இந்த அறைக்குள் வேண்டாம். அவை முற்றத்துக்கு உரியவை.

60 பேருக்கு மேல் கூடும் அறைக்கு எதிரெதிர்த் திசையில் இரண்டு வெளிவழி, கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். பழைய கதவு உட்பக்கம் திறந்தால் அதை மாற்றாமல், நிகழ்ச்சி நேரம் முழுவதும் திறந்து கொளுவி வைக்கும் விதியை எழுதிப் போடுங்கள். அதற்குள் வெளிப்பக்கம் திறக்கும் இலேசான இரண்டாம் கதவு.

---

கொட்டாஞ்சேனைவாசி எழுதியது:

தொழில்நுட்பம் நல்லாப் போகுது. கேள்வி ஒன்று. கோட்டையில் ஒல்லாந்தர் வைத்தியசாலை 17ஆம் நூற்றாண்டுக் கட்டடம். 1996 மத்திய வங்கிக் குண்டுவெடிப்பில் சேதமடைந்து, 2011இல் திருத்தித் திறந்தார்கள். வேலை நேர்த்தி, இரண்டு முற்றமும் திறந்தபடியே இருக்கு. ஆனால் உள்ளே சாப்பாட்டுக்கடையும் உடுப்புக்கடையும். சுதந்திர சதுக்கத்துக்குப் பக்கத்தில் 1889இல் கட்டிய மனநல மருத்துவமனை 2014இல் ஆர்கேட் ஆனது, அதுவும் கடைத்தொகுதி. இந்தக் களஞ்சியத்துக்கும் அதே முடிவா? காசில்லாதவர் எங்கே இருப்பது?

---

சுதை எழுதியது:

கடைகளை முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். வெறுமையாகக் கிடந்து கூரை விழுவதைவிட, ஆட்கள் புழங்கும் கட்டடம் பிழைக்கும். ஒழுக்கு அன்றே கண்ணில் படும். ஆனால் சமையலறை வருவது சுவருக்கு மிகக் கெட்டது. எண்ணெய்ப்புகை சுண்ணாம்பில் ஊறினால் போகாது. புகைக்குழாய்க்குக் கூரையில் துளை, கழிவுநீரின் எண்ணெயைப் பிடிக்கும் தொட்டிக்குத் தரையில் தோண்டல். இந்தக் கட்டடத்தில் சமைக்காத தேநீர்க்கடை ஒன்று போதும். பிளேன்ரீ, வடை, பணிஸ் வெளியிலிருந்து வரட்டும். செட்டியார் தெரு பக்கம்தானே.

காசுக்கு: திருத்த வேலைச் செலவின் 2 சதவீதத்தை ஆண்டுதோறும் பராமரிப்புக்கு ஒதுக்கும் நிபந்தனையைக் குத்தகையிலேயே எழுத வேண்டும். தெருப்பக்கம் இரண்டு அறையை வாடகைக்கு விடலாம். முற்றத்தை விடக்கூடாது. முற்றம் வாடகைக்குப் போன நாளே பொது இடம் முடிந்தது.

---

மழைக்கணக்கு எழுதியது:

சட்டப்பக்கத்தையும் கவனியுங்கள். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்தின் எல்லை 1815 மார்ச் 2. அதற்கு முந்தியது என்று காட்ட முடிந்தால் பாதுகாப்பு வலுவானது. ஆங்கிலேயர் காலக் கொழும்பின் பெரும்பகுதி அதற்குப் பிந்தியது. வர்த்தமானியில் தனியாக அறிவித்தால்தான் காப்பு. "ஒல்லாந்தர் பாணி" என்று பார்வைக்குத் தெரிவது சான்றாகாது. காணி உறுதி, பழைய நிலஅளவை வரைபடம், சாந்து மாதிரி மூன்றையும் சேர்த்துத் தொல்லியல் திணைக்களத்திடம் போங்கள். நகர அபிவிருத்தி அதிகார சபைக்கும் மாநகர சபைக்கும் விண்ணப்பிப்பது அதற்குப் பிறகு. வரிசை மாறினால் அனுமதி கிடைத்த வரைபடத்தை மறுபடி கீற வேண்டிவரும்.

---

கொட்டாஞ்சேனைவாசி எழுதியது:

நன்றி ஐயா. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். புறக்கோட்டையில் தெரு காலையில் மூட்டை தூக்கும் நாட்டாமிமாருடையது. கைவண்டி, மூட்டை, லொறி. கலைக்கூட வாசலில் சங்கிலி போட்டுப் பூச்சாடி வைத்தால் அவர்கள் நிற்கவும் இளைப்பாறவும் இருந்த நிழல் போய்விடும். வாசல் தாழ்வாரத்தை அப்படியே விடுங்கள். குடிதண்ணீர்க் குழாய் ஒன்று, கழிப்பறை ஒன்று தெருவிலிருந்து நேராகப் போகும்படி. திறக்கும் நேரம் காலை 6 மணி, 10 மணி அல்ல.

பஸ்தியான் மாவத்தைப் பக்கம் 2014இல் திறந்த மிதக்கும் சந்தையைப் பாருங்கள். நீரோரம், மரப்பாலம், கடைகள், பார்க்க அழகாகத்தான் இருந்தது. பேரை வாவித் தண்ணீர் நாறியது, பராமரிப்பு விட்டுப்போனது, கடைகள் வெறிச்சோடின. சனம் தினமும் நடக்கும் வழி எது என்பதைப் பார்த்து வாசலை வையுங்கள்.

---

நிலைக்கதவு எழுதியது:

முழுக்க உடன்படுகிறேன். அந்த வாசலிலேயே பெரிய நீர்ப்பிரச்சினையும் இருக்கிறது. புறக்கோட்டைத் தெருக்களில் தார் மேல் தார் போட்டு, பல இடங்களில் தெரு கட்டடத்தின் தரையைவிட உயர்ந்துவிட்டது. மழைநீர் உள்ளே வரும், சுவரடி எப்போதும் நனைந்தே நிற்கும். தெருவை இறக்க முடியாவிட்டால் சுவரிலிருந்து 600 மி.மீ. தள்ளி, 300 மி.மீ. அகலம், 600 மி.மீ. ஆழத்தில் கல் நிரப்பிய வடிகால் போடுங்கள். அத்திவாரத்தின் அடிமட்டத்துக்குக் கீழே போகக்கூடாது, மண் நழுவும்.

முற்றம் பக்கம் படிக்கட்டு உயரம் எவ்வளவு? 450 மி.மீ. என்றால் 1:12 சாய்தளத்துக்கு 5.4 மீ. நீளம் வேண்டும், அகலம் 1.2 மீ. 2006ஆம் ஆண்டு அணுகுவசதி ஒழுங்குவிதிகள் இருக்கின்றன, பொதுக் கட்டடம் தப்ப முடியாது. சாய்தளத்தைச் சுவரோடு ஒட்டிக் கட்டாமல் 50 மி.மீ. இடைவெளி விட்டு, துளைத்தட்டால் செய்தால் அடியில் நீரும் காற்றும் போகும்.

---

முற்றவெளி எழுதியது:

450 மி.மீ.தான். 12 மீ. பக்கத்தில் இடம் இருக்கிறது. வடிவமைப்பாளர்களிடம் கண்ணாடியை நீக்கச் சொல்லியாயிற்று, அரங்கு கீழே இறங்குகிறது. சுதை அண்ணா, சுண்ணாம்புப் பூச்சின் கலவையையும் பருவத்தையும் சொல்ல முடியுமா? ஒப்பந்தக்காரர் "சுண்ணாம்பில் கொஞ்சம் சீமெந்து கலந்தால் கெதியாய் இறுகும்" என்கிறார்.

---

சுதை எழுதியது:

கலக்க விடாதீர்கள் தம்பி. அந்தக் கொஞ்சச் சீமெந்து உப்பையும் கொண்டுவரும், பூச்சைக் கல்லைவிடக் கடினமாக்கும். பிறகு பூச்சு நிற்கும், கல் உதிரும். பூச்சு எப்போதும் கல்லைவிட மெலிவாக இருக்க வேண்டும். உப்பு பூச்சைத் தின்னட்டும், பத்து ஆண்டுக்கொருமுறை பூச்சை மாற்றலாம்.

கலவை: குறைந்தது மூன்று மாதம் நீருக்கடியில் ஊறிய களிச்சுண்ணாம்பு 1 பங்கு, கழுவிய கூரான ஆற்றுமணல் 3 பங்கு, நன்றாகச் சுட்ட செங்கல்லின் தூள் அரைப் பங்கு. நம் ஈரக்காற்றில் தனிச் சுண்ணாம்பு இறுக மிகத் தாமதமாகும். செங்கல் தூள்தான் சீமெந்து இல்லாமல் இறுக்கம் தரும். கழுவிய கடல்மணல் என்று லொறி வந்தால் குளோரைட் சோதனை பார்க்காமல் இறக்க வேண்டாம். ஒரு பூச்சு 10 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது. அடுத்த பூச்சுக்கு ஏழு முதல் பத்து நாள். இடையில் ஈரச்சாக்கு தொங்கவிட்டு, காலையும் மாலையும் தெளிப்பானால் நனையுங்கள். வெயிலில் வேகமாகக் காய்ந்தால் வலைப்பின்னலாக வெடிக்கும், தட்டினால் தூளாகும். மேலே பெயின்ட் இல்லை. தண்ணீர்போல் மெல்லிய சுண்ணாம்புநீர் நான்கைந்து முறை.

பருவம்: சனவரி, பெப்ரவரி. தவறினால் ஓகஸ்ட். ஒக்டோபரில் தொடங்கினால் பூச்சு கழுவுண்டு போகும். சுவர் உலர விடும் பத்து மாதத்தைப் பின்னோக்கி எண்ணினால், சீமெந்தைக் கொத்தும் வேலை மார்ச்சில் தொடங்க வேண்டும். அதற்கு முன்பே கூரையும் பீலியும் முடிந்திருக்க வேண்டும்.

உங்கள் ஒப்பந்தக்காரரிடம் வாதாட வேண்டாம். வடக்குச் சுவரில் ஒரு ச.மீ. அவர் முறையில், பக்கத்தில் ஒரு ச.மீ. இந்த முறையில் இப்போதே பூசி, ஒரு மழைக்காலம் விட்டுப் பாருங்கள். கொழும்பு நூதனசாலையைக் கட்டிய வாப்பிச்சி மரிக்கார் நம் மொழி பேசிய ஒப்பந்தக்காரர். 1877இல் திறந்த அந்தக் கட்டடம் இன்றும் நிற்கிறது. இந்த வேலை நம் ஆட்களுக்குப் புதிதல்ல என்று மேசன்மாரிடம் சொல்லுங்கள். கற்றுக்கொள்ள விரும்பும் இரண்டு இளையவர்களைப் பூச்சு வேலை முழுவதும் கூடவே நிறுத்துங்கள், சம்பளத்தோடு.

---

முற்றவெளி எழுதியது:

இரண்டு மாதிரிப் பூச்சும் அடுத்த வாரம். கூரை விளிம்பில் அரசங்கன்று மூன்று இருக்கிறது, பிடுங்கிவிட்டுத் தொடங்கவா?

---

நிலைக்கதவு எழுதியது:

பிடுங்க வேண்டாம், வேரோடு கல்லும் வரும். தண்டைச் சுவர் மட்டத்தில் வெட்டி, வெட்டுவாயில் உடனேயே, பால் காய்வதற்குள், களைக்கொல்லியைத் தூரிகையால் தடவுங்கள். வேர் செத்துச் சுருங்க இரண்டு மூன்று மாதம் எடுக்கும். பிறகு தளர்ந்த வேரை எடுத்து, இடைவெளியை அதே சுண்ணாம்புச் சாந்தை நீர்த்து ஊற்றி நிரப்புங்கள். மீண்டும் துளிர்த்தால் மறுபடி தடவ வேண்டும்; பெரும்பாலும் ஒருமுறையோடு முடியாது.